காலி கேஜ்

அப்பா அன்றைக்குக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். தம்பியின் கார் எங்கள் வாசலை விட்டுத் தானாக ஓடிப் போக வேண்டும். யாரும் அதைத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது.

"இந்த வாசல்லேர்ந்து ஒரு தபா தூக்கினு போனது போதும்மா," என்றார். "வண்டியையும் தூக்க வுட மாட்டேன்."

கிளம்பாத காருக்காக நான் கூப்பிட்ட கம்பெனி உதவி எண்ணில் பேசிய பெண்ணோ தூக்கத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டாள். ஹைபிரிட் வண்டியாம். கயிறு கட்டி இழுக்கக் கூடாதாம். முன்சக்கரம் தரையில் உருண்டால் உள்ளே இருக்கும் மோட்டார் பாழாகிவிடுமாம். "நாளே காடி களிஸ்தீவி மேடம், மேலே எத்கொண்டு ஹோக்தாரெ," என்று கன்னடத்தில் பொறுமையாகச் சொன்னாள். நாளைக்கு ஒரு லாரி வரும், இதை முதுகில் ஏற்றிக்கொண்டு போகும் என்று அர்த்தம். பாவம், அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. "ஒண்ணும் வேணாம்மா, வை போனை," என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான், சரி, இப்போது என்ன செய்யப்போகிறோம் என்று யோசித்தேன். என் சுபாவம் எப்போதும் அப்படித்தான், முதலில் வாய், பிறகுதான் மூளை.

தம்பி மனைவி காருக்குப் பக்கத்தில் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். காலை ரயிலில் பெங்களூரிலிருந்து வந்து சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் இறங்கி நடந்தே வந்திருந்தாள். திங்கட்கிழமையிலிருந்து அவளுக்கு ஒயிட்ஃபீல்டில் வேலை. பெண்ணைப் பள்ளியில் விட்டு, அங்கிருந்து ஆபீஸ் போய், மாலையில் திரும்ப அழைத்து வர வேண்டும். தம்பி இருந்தவரை எல்லாம் அவன் பார்த்துக்கொண்டான். இனிமேல் கார் அவளுக்கு வேண்டும். அதற்காகத்தான், அடக்கத்துக்குப் பிறகு வரவே மனசில்லாத இந்த வீட்டுக்கு அவள் அன்று வந்தாள். வந்து சாவியை அமுக்கினால் வண்டி கண்ணே சிமிட்டவில்லை.

"பேட்டரி டெட் ஆயிடுச்சு போல அண்ணி," என்றாள். சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். அந்த வார்த்தையை எங்கள் வீட்டில் யாரும் அப்போது சொல்வதில்லை.

தம்பி போனது கோடையில். கூரை ஷீட் இரண்டு விரிசல் விட்டிருந்தது, மழைக்கு முன் மாற்றிவிடுகிறேன் என்று சனிக்கிழமை தனியாக வந்தான். நாள் முழுக்கக் கூரை மேல்தான் இருந்தான். இரவு ரசம் ஊற்றிக் கருவாடு தொட்டுச் சாப்பிட்டான், "அக்கா கருவாட்டுக்கு உப்பு போட மறந்துட்டா" என்று கேலி பேசினான். கருவாட்டுக்கு எவளாவது உப்பு போடுவாளா? அவனுக்கு என்னைக் கிளப்பிவிட்டுப் பார்ப்பதில் அப்படி ஒரு ஆனந்தம். சுரங்கக் கம்பெனி கட்டிய லைன் வீடு, எத்தனை அறை இருக்கும்? முன் அறையில் அப்பா கட்டிலில் படுத்தார். கட்டிலுக்குக் கீழே பாய் போட்டு அவன் படுத்தான். உள் அறையில் நான். காலையில் டீயோடு வந்து, "டேய், எழுந்திருடா, சர்ச்சுக்கு நேரமாச்சு" என்று காலால் தட்டினேன். காலால்தான் தட்டினேன். சின்ன வயசிலிருந்து அப்படித்தான் எழுப்புவேன்.

தூக்கத்திலேயே இதயம் நின்றிருக்கிறது என்றார் டாக்டர். வலி தெரிந்திருக்காது, சத்தமும் வந்திருக்காது என்றார். அந்தக் கடைசி வார்த்தைதான் அப்பாவைப் பிடித்துக்கொண்டது.

அப்பா தங்கச் சுரங்கத்தில் வைண்டிங் என்ஜின் டிரைவராக இருந்தவர். ஷாஃப்ட் என்ற செங்குத்துக் குழிக்குள் ஆட்களை இறக்கி ஏற்றும் கூண்டுக்கு இங்கே கேஜ் என்று பேர். அந்தக் கேஜை மேலே உட்கார்ந்து ஓட்டுகிறவர் வைண்டிங் டிரைவர். கேஜ் அவர் கண்ணுக்குத் தெரியாது. பெல் சத்தம், முன்னால் இருக்கும் முள், ரோப் ஓடும் ஓசை, இவை மூன்றையும் நம்பித்தான் பூமிக்குள்ளே அவ்வளவு ஆழத்திலிருந்து ஆட்களைத் தூக்கி வர வேண்டும். ரோப்பின் ஓசை ஒரு இழை மாறினால் அவருக்குத் தெரிந்துவிடும். வீட்டில் படுத்துக்கொண்டே, தூரத்துச் சுரங்கத்தின் ஓசையை வைத்து, "இது நந்திதுர்க் வைண்டர். புது ஆளு லீவர்ல கைய வெச்சிக்கிறான், இழுக்கிறான் பாரு" என்று சொல்வார். சின்ன வயதில் எங்களுக்கு அது பெரிய வித்தை. அப்படிப்பட்ட காதை வைத்துக்கொண்டு, கட்டிலுக்கு அடியில் படுத்திருந்த பிள்ளையின் மூச்சு நின்றது தனக்கு எப்படிக் கேட்காமல் போனது என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். போதகரிடம் கேட்டார். பால்காரரிடம் கேட்டார். ரேஷன் கடையில் வரிசையில் நின்ற ஒரு அம்மாவைப் பிடித்துக் கேட்டிருக்கிறார், அந்த அம்மா வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லி அழுதது.

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. "காது போச்சுன்னு டாக்டர் சொன்னாரு இல்ல உனக்கு? இன்னும் இன்னா பழைய காதுன்னு நெனச்சினு கீற?" என்று கத்திவிட்டேன். அன்றைக்கு முழுக்க அவர் சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை. தட்டு இரண்டும் மூடியபடி இருந்தன.

அதே வீட்டில்தான் நானும் தூங்கினேன். என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

காரின் கதைக்கு வருகிறேன். பழைய டீசல் காரைக் கொடுத்துவிட்டுத் தம்பி இதை வாங்கியபோது அப்பாவுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. டீசல் வண்டி ஊரிகம் பக்கம் வரும்போதே அவருக்குக் கேட்டுவிடும். "வர்றான், டீ வெய்யி" என்பார். நான் பாலை அடுப்பில் வைப்பதற்கும் அவன் கேட்டைத் திறப்பதற்கும் சரியாக இருக்கும். இந்த வண்டி மெதுவாக வரும்போது பேட்டரியிலேயே ஓடும், ஓசையே கிடையாது. முதல் தடவை வந்தபோது வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரின் முட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அப்பா பதறி எழுந்து, "இன்னாடா வண்டி இது, வர்றதும் தெரியல, போறதும் தெரியல" என்று திட்டினார். தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். ஆனால் அடுத்த வாரத்திலிருந்து ரயில்வே கேட் தாண்டும்போது ஹாரன் அடிக்க ஆரம்பித்தான். ஒரு நீளம், இரண்டு குட்டை. போகும்போதும் அதே கேட்டில் அதே மாதிரி அடிப்பான். அப்பா வாசலில் நின்று அதைக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்.

அன்றைக்கு வருவோம். எதிர் லைனில் இருக்கும் தம்பியின் சிநேகிதன், டாக்சி ஓட்டுகிறவன், விஷயம் கேள்விப்பட்டு லுங்கியோடு வந்தான். இரண்டு பேரும் ஒன்றாகப் படித்தவர்கள், ஒன்றாக பெயிலானவர்கள். சவப்பெட்டிக்கு முன் பக்கம் தோள் கொடுத்தவன் அவன்தான்.

"இதுக்கு எதுக்கு அக்கா லாரி? கேபிள் போட்டு எழுப்பிடலாம். எத்தன வண்டி எழுப்பிக்கீறேன் நானு," என்றான். "பின்னாடி தெருவுல தண்ணி லாரி நிக்குது. லாரி பேட்டரின்னா ஒரே அடில எழுந்துக்கும்."

நல்லவேளை, தம்பி மனைவி அந்த ரிமோட் சாவிக்குள் ஒளிந்திருந்த இரும்புச் சாவியை உருவி டிரைவர் கதவைத் திறந்துவிட்டிருந்தாள். முன்னால் இருந்த டப்பாவிலிருந்து வண்டியின் புத்தகத்தை எடுத்து என்னிடம் நீட்டினாள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். பெங்களூரில் இன்சூரன்ஸ் ஆபீஸில் இத்தனை வருஷம் பேப்பர் படித்தே கண் கெட்டவள் நான், இதையா விட்டுவிடுவேன்?

"லாரியும் வேணாம், கீரியும் வேணாம்," என்றேன். "லாரி இருபத்திநாலு வோல்ட். இதுக்குப் பன்னெண்டு வோல்ட்தான். லாரியில மாட்டினா உள்ள கீற கம்ப்யூட்டரெல்லாம் பொசுங்கிப் போயிடும்னு போட்டுக்கீது."

"பெரிய பேட்டரி ஒண்ணு கீதே, மோட்டார ஓட்டுறது? அதுக்கு?"

"அத யாரும் தொடக் கூடாது. ஆரஞ்சு கலர்ல ஒயர் எங்க பாத்தாலும் கைய வெக்காத. ஆள அடிச்சிடும். செத்துக் கெடக்கறது சின்ன பேட்டரி, அது டிக்கியில கீது. அதுக்குத்தான் முன்னாடி பானட்ல ஒரு முனை குடுத்துக்கீறாங்க."

"செத்துக் கெடக்கறது" என்று நானே சொல்லிவிட்டேன் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. தம்பி மனைவி குனிந்து பானட் லீவரை இழுத்தாள். அப்பா காருக்கு ஓரமாக ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார், ஞாயிற்றுக்கிழமை சட்டை போட்டிருந்தார். அன்றைக்கு சனிக்கிழமை.

டாக்சிக்காரன் தன் டீசல் காரைக் கொண்டு வந்து மூக்குக்கு மூக்கு இடிக்காமல் நிறுத்தினான். இரண்டு வண்டியும் ஒன்றை ஒன்று தொடக் கூடாது என்பதைப் படித்துச் சொன்னேன். பானட்டுக்குள் ஃபியூஸ் பெட்டியைத் திறந்ததும் சிவப்பு மூடி போட்ட முனை தெரிந்தது. அதற்குள் ஒரு சிலந்தி வீடு கட்டியிருந்தது. அவன் அதை விரலால் எடுத்துவிட்டு, "அக்கா, வண்டி நின்னுதான் இருந்துச்சு. இவ்ளோ மோசமா எப்படி எறங்கிச்சு? உள்ள லைட்ட கிட்ட போட்டு வுட்டுட்டீங்களா?" என்று கேட்டான்.

"நான் இந்த வண்டிப் பக்கமே போறதில்ல," என்றேன். உண்மைதான். விடிவதற்குள் எனக்கு ரயில், திரும்பி வர இருட்டிவிடும். அப்பா வண்டியைத் துடைப்பார் என்று மட்டும் தெரியும்.

"நான்தான் தெனமும் போட்டுப் பாப்பேன்," என்றார் அப்பா நாற்காலியிலிருந்து.

நாங்கள் மூன்று பேரும் திரும்பினோம்.

அவர் சாதாரணமாகச் சொன்னார், அதில் ஒளிக்க ஏதும் இருப்பதாக அவருக்குத் தோன்றவே இல்லை. சுரங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஷாஃப்ட் எதற்காக நின்றிருந்தாலும், லீவோ ஸ்ட்ரைக்கோ உள்ளே பாறை வெடித்தோ, திரும்ப ஆட்கள் இறங்குவதற்கு முன் காலி கேஜை ஒரு தரம் அடி வரைக்கும் இறக்கி ஏற்றிப் பார்ப்பார்கள். ரோப் சரியாக இருக்கிறதா, வழியில் ஏதாவது விழுந்து கிடக்கிறதா என்று வைண்டிங் டிரைவர் காதால் பார்க்கும் பார்வை அது. காலி கேஜ் நல்லபடியாக வந்தால்தான் முதல் ஆள் காலை வைப்பான். அப்பா இத்தனை வருஷ வேலையில் ஒரு நாளும் அதைத் தப்பவிட்டதில்லை என்று பெருமை பேசுவார்.

"நின்ன மிஷின் நின்னபடியே இருந்தா கெட்டுப் போயிடும். நாளைக்கு இவ வந்து ஏறணும், கொழந்த ஏறணும். அதான் காலையில சங்கு ஊதற நேரத்துக்கு உள்ள உக்காந்து பட்டனை அமுக்கிடுவேன். தெனம் ஒரு காலி கேஜ்." சுரங்கம் மூடி, அந்தச் சங்கு நின்று எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அவருக்கு மட்டும் அந்த நேரத்தில் இன்னும் ஊதுகிறது. "லைட்டெல்லாம் வரும், டிவி மாதிரி படம் வரும், காத்து வரும். சத்தம் மட்டும் வராது. வரும் வரும்னு பாத்துட்டு, வரலன்னதும் அணைச்சிடுவேன். கொஞ்ச நாளா லைட்டும் வர்றதில்ல, கதவும் தொறக்கறதில்ல."

டாக்சிக்காரன் வாய்விட்டுச் சிரித்தான். "பெரியப்பா! நீங்கதான் பேட்டரிய முழுசா தின்னுட்டீங்க! பிரேக்க மெரிச்சினு அமுக்கணும். சும்மா அமுக்கினா ஓடாது, சார்ஜுதான் போவும்."

"வாய மூடுடா," என்றேன். ஆனால் அப்பாவுக்கு அது போய்ச் சேர்ந்துவிட்டது. இந்த மாதிரி விஷயம் மட்டும் நன்றாகக் கேட்கும்.

"நானா?" என்றார். "நானேவா இத நிறுத்தினேன்?"

அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், எழுத்து ஒன்றும் தெரியவில்லை. தம்பி மனைவிதான் அவர் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். "இல்ல மாமா. இவ்வளவு நாள் நின்னா எந்த வண்டி பேட்டரியும் தானா இறங்கும். நீங்க பார்த்துக்கிட்டதாலதான் இத்தனை நாள் தாங்குச்சு," என்றாள். பொய்தான். அந்தப் பொய்க்காக அவளை எனக்கு அன்றைக்கு ரொம்பப் பிடித்தது. அப்பா தலையாட்டினார், நம்பினாரா என்று தெரியவில்லை.

நான் சத்தமாகப் படிக்க, டாக்சிக்காரன் மாட்டினான். இரண்டு வண்டியும் அணைந்திருக்க வேண்டும். முதலில் சிவப்புக் கிளிப் ஒன்று எங்கள் வண்டியின் சிவப்பு மூடி முனையில். அடுத்த சிவப்பு அவன் பேட்டரியின் ப்ளஸ்ஸில். பிறகு கறுப்பு, அவன் பேட்டரியின் மைனஸில். கடைசிக் கறுப்பை மட்டும் எந்த பேட்டரியிலும் மாட்டக் கூடாது, எங்கள் வண்டியில் பெயின்ட் இல்லாத இரும்பு போல்ட் ஒன்றில், மற்ற முனைகளுக்குத் தள்ளி மாட்ட வேண்டும். பொறி தெறித்தால் தள்ளியே தெறிக்கட்டும் என்பதற்காக. "இது எனக்குத் தெரியாதா?" என்று முனகினான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் நான் சொல்லும்வரை கையை வைக்காமல் காத்திருந்தான். சிநேகிதன் வண்டி அல்லவா. மாட்டி முடித்ததும் அவன் தன் டீசலைக் கிளப்பினான். கொஞ்ச நேரம் ஓடட்டும், அந்தச் சின்ன பேட்டரிக்குக் கொஞ்சம் உயிர் ஏறட்டும் என்று எல்லாரும் சும்மா நின்றோம். டீசல் கடகடவென்று ஓடியது. தங்கம் பிரித்த மண் குவிந்து கிடக்கும் சயனைடு மேட்டிலிருந்து புழுதி கிளம்பி எங்கள் தலைமேல் போனது.

"உக்காரும்மா," என்றேன் தம்பி மனைவியிடம்.

அவள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். காலை நீட்டினாள். மறுபடி நீட்டினாள். பிறகு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாம்மா?"

"கால் எட்டல அண்ணி. அவர் சீட்டு."

தம்பி நல்ல உயரம். சீட்டைக் கடைசி வரைக்கும் பின்னால் தள்ளித்தான் உட்காருவான். அந்தச் சனிக்கிழமை அவன் இறங்கினபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது சீட்டு. எனக்கு அப்போதுதான் விளங்கியது. அப்பா அவனைவிடக் குட்டை. தினமும் அந்த சீட்டில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து பட்டனை அமுக்கியிருக்கிறார். பிரேக்கை மிதிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தாலும் கால் எட்டியிருக்காது. சீட்டைப் பிள்ளை வைத்த இடத்திலிருந்து ஒரு விரற்கடை நகர்த்த அவருக்கு மனசு வந்திருக்காது.

அவள் சீட்டுக்கு அடியில் இருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பெரிய சத்தம் போட்டு அழுகிறவள் இல்லை அவள், அடக்கத்தன்றுகூட அப்படி அழவில்லை. அப்பா நாற்காலியை விட்டு எழுந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இழும்மா," என்றார். "நீதான ஓட்டப்போற. உன் காலு எட்டணும் இல்ல? இழு."

அவள் இழுத்தாள். சீட்டு கிறீச்சென்று முன்னால் வந்தது.

பிரேக்கை மிதித்துப் பட்டனை அமுக்கினாள். விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் வந்தன. கடிகாரம் நள்ளிரவு என்று காட்டியது, பேட்டரி போனால் அதற்கு எல்லாம் மறந்துவிடுமாம். தம்பி வைத்திருந்த ரேடியோ ஸ்டேஷன்கள், அந்தச் சனிக்கிழமை அவன் எவ்வளவு தூரம் ஓட்டி வந்தான் என்ற கணக்கு, எல்லாம் அழிந்து வெறும் சைபர் நின்றது. அதை அவள் பார்த்தாள் என்று எனக்குத் தெரியும். திரையின் ஓரத்தில் பச்சையாக 'ரெடி' என்ற எழுத்து எரிந்தது.

அப்பா பானட் ஓரத்தில் உள்ளங்கையை வைத்துக் காதைச் சாய்த்தார். "டேய், உன் வண்டிய நிறுத்து, ஒண்ணும் கேக்கல," என்றார். டாக்சிக்காரன் டீசலை அணைத்தான். தெரு திடீரென்று அமைதியாகிவிட்டது. அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அந்த நிற்பை நான் சின்ன வயசில் என்ஜின் ஹவுஸ் வாசலில் சாப்பாட்டுத் தூக்கோடு நின்றபோது பார்த்திருக்கிறேன்.

"ஓடல. அணைச்சிடு! அணைச்சிடு!" என்று கத்தினார்.

அவள் பயந்து பட்டனை அமுக்கிவிட்டாள். பச்சை எழுத்து போய்விட்டது.

"ஐயோ, ஏம்மா அணைச்ச?" என்று டாக்சிக்காரன் தலையில் அடித்துக்கொண்டான். "அது ஓடினு இருந்திச்சு!"

"எங்கடா ஓடிச்சு? எனக்கு ஒரு மூச்சு கேக்கல," என்றார் அப்பா. "வுட்டுடுங்க. லாரிக்கே சொல்லிடும்மா. தூக்கினே போவட்டும். என் கையில எதுவும் நிக்க மாட்டேங்குது."

காலையிலிருந்து அந்த ஒன்றுக்காகத்தான் பிடிவாதம் பிடித்தார். அதையே விட்டுவிட்டு நாற்காலிப் பக்கம் திரும்பி நடந்தார். முதுகு ஒரேயடியாக வயசாகித் தெரிந்தது. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான் போய் அவர் கையைப் பிடித்தேன்.

"வாப்பா. இன்னொரு தபா."

"வேணாம்மா."

"வாப்பான்றேன்."

டாக்சிக்காரன் மறுபடி டீசலைக் கிளப்பிச் சற்று நேரம் ஓடவிட்டான். அவள் மறுபடி பிரேக்கை மிதித்து அமுக்கினாள். மறுபடி பச்சை எழுத்து. "இத இனிமே யாரும் அணைக்கக் கூடாது," என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு, கிளிப்புகளை மாட்டின வரிசைக்குத் தலைகீழாகக் கழற்றச் சொன்னேன். முதலில் போல்ட்டில் இருந்த கறுப்பு. பிறகு அவன் பேட்டரியின் கறுப்பு. பிறகு அங்கிருந்த சிவப்பு. கடைசியில் எங்கள் முனையில் இருந்த சிவப்பு. மூடியை மூடினான். பானட்டை மூடினான். அவன் காரைப் பின்னால் எடுத்து வழி விட்டான்.

அப்பாவின் கையைப் பிடித்து பானட் ஓரமாக, பக்கவாட்டில் வைத்தேன். "மெதுவா, ஒரு முழம் மட்டும் நகத்தும்மா," என்றேன்.

வண்டி நகர்ந்தது. ஓசை இல்லை, புகை இல்லை. அப்பாவின் கைக்குக் கீழேயே நகர்ந்தது. டயருக்கு அடியில் வேப்பம்பழக் கொட்டைகள் நொறுங்குவதுதான் கேட்டது.

அப்பா கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார். "ஓடுதுதான்," என்றார். "இவ்ளோ நாளா அத நான் நம்பல பாரு."

கிளம்பும் முன் அவள் இறங்கி வந்து அப்பாவின் காலைத் தொட்டாள். வீடு போய்ச் சேரும் வரைக்கும் வழியில் எங்கேயும் அணைக்காதே, பேட்டரி பிடித்துக்கொள்ள நேரம் வேண்டும் என்று நான் சொன்னேன். கருவாடு ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். "உப்பு போட்டீங்களா அண்ணி?" என்றாள். அவன் அவளிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறான், என்றைக்கோ வேறு ஒரு தடவை. நான் சிரிக்கத்தான் பார்த்தேன். டாக்சிக்காரன் முன்சக்கரத்துக்கு ஒரு எலுமிச்சம்பழம் வைத்தான், நாங்கள் வேதக்காரர்கள் என்பது அவனுக்கு நினைவில்லை, அப்பாவும் தடுக்கவில்லை. பழம் நசுங்கியது. கார் லைன் முனைவரை போய்த் திரும்பி மறைந்தது. அவ்வளவு நாள் நின்ற இடத்தில் காய்ந்த இலையும், இலை விழாத ஒரு கட்டமும் இருந்தன.

டாக்சிக்காரன் கேபிளைச் சுருட்டிக்கொண்டு போனான். அப்பா உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்றார்.

"உள்ள வாப்பா, வெயிலு."

"இரு," என்றார்.

ரயில்வே கேட் பக்கமிருந்து ஹாரன் கேட்டது. ஒரு நீளம், இரண்டு குட்டை. அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து எத்தனை தடவை கேட்டிருப்பாள்.

அப்பா தூணைப் பிடித்துக்கொண்டார். அதற்கப்புறமும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே நின்றார். கேட்க ஒன்றும் இல்லை.

"இவ போறது கேட்டுச்சு," என்றார். "அவன் போனது கேக்கலியேம்மா."

எத்தனை தடவை கேட்ட கேள்வி அது. அதற்கு நான் சொல்லாத பதில் இல்லை, டாக்டர் சொன்னது, போதகர் சொன்னது, கோபத்தில் என் வாய்க்கு வந்தது. அன்றைக்கு அவை ஒன்றும் வரவில்லை.

"எனக்கும் கேக்கலப்பா," என்றேன். "நானும் உள்ளதான் படுத்துனு இருந்தேன்."

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். நானும் அந்த வீட்டில் இருந்தேன் என்பதையே அப்போதுதான் முதல் தடவை நினைப்பவர் மாதிரி பார்த்தார். பிறகு தூணிலிருந்து கையை எடுத்து என் தலைமேல் வைத்தார்.